மூவாயிரம் இறாத்தல்

ஒரு பலட்டில் நாற்பது மூட்டை,
மூட்டைக்கு இருபத்தைந்து கிலோ.
முற்றுகையை எடுக்க ரோமாபுரி கொடுத்த மிளகு
மூவாயிரம் இறாத்தல்.
அந்தக் காலத்து இறாத்தல் கொஞ்சம் மெலிந்தது.
சாப்பாட்டு இடைவேளையில்
கையுறை கழற்றாமல் கணக்குப் போட்டேன்:
ஒரு பலட்டுக்குப் பதினெட்டுக் கிலோ குறைவு.
என் ஃபோர்க்லிஃப்ட்
முணுமுணுக்காமல் தூக்கும்.

பொன் கேட்டான், வெள்ளி கேட்டான், பட்டுச் சட்டை கேட்டான், சரி.
கோத்துகளின் அரசனுக்கு மிளகு எதற்கு?
பேராசிரியை ஹால்வர்சனுக்கும் தெரியவில்லை.
மேற்கு மலையில் எவளோ ஒருத்தி
கொடியிலிருந்து உருவிப் பாயில் காயவைத்தது.
கடல் தாண்டி, பாலை தாண்டி,
மறுபடி கடல் தாண்டிப் போய்
ஒரு நகரத்தின் உயிர் நின்ற தராசில் விழுந்தது.
அவளுக்கு என்ன கூலியோ.

வினிப்பெக்கில் ஏப்ரல். தெருவோரப் பனி கறுத்துவிட்டது.
செவ்வாய் இரவு வகுப்பின் கட்டுரைத் தலைப்பு:
அலாரிக், ரோமனா அந்நியனா?
ஆயிரத்து ஐந்நூறு சொல்.
எனக்கு ஞாபகம் வருவது வேறொரு தாள்:
கடந்த பத்து ஆண்டில் வசித்த முகவரிகள் அனைத்தும் தருக.
இடைவெளி விடக் கூடாது.

அவனுக்காக நான் நிரப்புகிறேன்.

டான்யூப் கழிமுகத்தில் ஒரு தீவு
(அங்கேதான் பிறந்தான் என்கிறார்கள், அத்தாட்சி இல்லை).
வடகரை: ஹூணர் வருகிறார்கள் என்று
சனம் முழுக்க வந்து நின்ற கரை.
ஓடம். பெருக்கெடுத்த தண்ணீர்.
தலை எண்ண வந்தவன் பாதியில் விட்டுவிட்டான்.
தென்கரை முகாம். அங்கே விலை,
ஒரு நாய்க்கு ஒரு பிள்ளை.
நாய் சமைக்க. பிள்ளை அடிமைக்கு.
அவனுக்கு அப்போது ஐந்தாறு வயதிருக்கும்.
யாருடைய பிள்ளை போனது, யாருடையது மிஞ்சியது,
எழுதிவைத்தவர் எழுதவில்லை.
பிறகு ரோமின் படை. மலையடிவாரத்தில் ஓர் ஆறு,
முன்வரிசை முழுக்க இவன் ஆட்கள்.
பேரரசர் வென்றார்.
முன்வரிசை திரும்பவில்லை.
கூடாரம். கிரேக்கம். கூடாரம்.
தொழில்: தளபதி. பிறகு தளபதி இல்லை.
பிறகு தளபதி.
இடைவெளி.
இடைவெளி.

பதவியும் நிலமும் தானியமும் கேட்டான்.
பதவி வேண்டாம், நிலமும் தானியமும் போதும்
என்று இறங்கி வந்தான்.
அதற்கும் இல்லை என்றார்கள்,
சதுப்புக்கு நடுவே பத்திரமாய் இருந்தபடி.

மிளகு வாங்கிய இரண்டாம் ஆண்டு
நகரின் கதவு திறந்தது. மூன்று நாள்.
அதை நான் விவரிக்க மாட்டேன்.
எரியும் நகரை எழுதத் தொடங்கினால்
என் ஊர் அதற்குள் புகுந்து உட்கார்ந்துவிடும்.

ஓலெக் இஸ்மாயில்காரன்.
அவன் பள்ளிக்கூட ஜன்னலில் ஓடியது டான்யூப்.
கதையை அவனுக்குச் சொன்னேன்.
நாய் வரை வந்ததும்
தேநீரை மூட்டைமேல் வைத்துவிட்டு வெளியே போனான்.

வேலை முடிந்ததும் அவனே கேட்டான்,
பிறகு என்ன ஆனான் என்று.
வெள்ளக்கால்வாய் மதகைப் பார்க்கப் போகிற வழியில் சொன்னேன்.
தெற்கே, கப்பல்கள் உடைந்த பின், நோயில் செத்தான்.
ஓர் ஆற்றைத் திருப்பிவிட்டு, படுகையில் குழி வெட்டி,
அவனை வைத்து, ஆற்றை மறுபடி அழைத்தார்களாம்.
வெட்டிய கைதிகளைக் கொன்றார்களாம்,
இடம் வெளியே தெரியாதிருக்க.

எத்தனை பேர்?
எழுதவில்லை.

ரெட் ஆறு தன் வழியில் பாதியை மறந்து
நகரைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது.
கீழே மஞ்சள் அங்கியில் ஆட்கள்
நீண்ட கம்பால் பனிக்கட்டியைத் தள்ளினார்கள். நாலு பேர்.
கை விறைத்தது. என் கழுத்துத்துணியில் மிளகுத் தூசி,
ஓலெக் இரண்டு முறை தும்மினான்.
போகலாம் என்று யாரும் சொல்லவில்லை.
ஐந்து மணிக்கு ஏணி அசைந்தது.
ஒன்று, என்றான் அவன், தன் மொழியில்.
இரண்டு, என்றேன்.
மூன்று.
வெகுநேரம் கழித்து
நாலு.